திருப்பணி தொடங்கும் முன் எங்கள் ஊர்க் கோயிலில் எதையெல்லாம் படி எடுத்து வைப்பது?

குடமுருட்டிக்கரை · வெள்ளி இரவு

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. ஊரில் ஒரு சிவன் கோயில். பாடல் பெற்ற தலம் இல்லை, சுற்றுலாப் பட்டியலில் இல்லை, தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும் இல்லை. கருவறையும் அர்த்தமண்டபமும் கருங்கல். மேலே விமானம் செங்கல்லும் சுதையும் (சுண்ணாம்புச் சாந்து வேலை). சுவரின் அடிப்பகுதியான அதிட்டானத்தைச் சுற்றிக் கல்வெட்டு ஓடுகிறது. கடைசிக் குடமுழுக்கு நடந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. இப்போது ஊர் கூடித் திருப்பணிக்கு முடிவு செய்திருக்கிறார்கள். தை மாதம் பாலாலயம், அதாவது சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றிவிட்டு வேலை தொடங்குவது.

அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வேலைப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. பிரகாரம் முழுவதும் ஒன்றரை அடி உயர்த்திக் கிரானைட் போடுவது. விமானத்தில் பழைய சுதையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி எனாமல் பெயிண்ட் அடிப்பது. கருவறைச் சுவரின் எண்ணெய்க் கறையைப் போக்க மிஷின் வைத்து மணல் அடிப்பது. பழைய மடைப்பள்ளியை இடித்துத் தளம் போட்ட கட்டடம் கட்டுவது.

போன ஞாயிறு தெற்குப் பக்க அதிட்டானத்தில் ஒரு முழ நீளத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் அப்பாயி பிரதோஷத்துக்குக் கூட்டிப்போகும்போது அந்த எழுத்துகள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே நடப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்பாயி மட்டும், ‘அது சாமிக்கு ஊர் எழுதிக் கொடுத்த கடுதாசிடா’ என்று சொல்லும். துடைத்ததும் ‘திருவிளக்கு’ என்ற சொல் தெளிவாகத் தெரிந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒன்றரை அடி உயர்த்தினால் அந்த வரி தரைக்குக் கீழே போய்விடும்.

ஊர்ப் பெரியவரிடம் சொன்னேன். ‘அப்போ கோயில் இப்படியே இடிஞ்சு விழட்டுமா தம்பி?’ என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சண்டை போடாமல் இதை எப்படிச் சொல்வது? எதையெல்லாம் முதலில் காப்பாற்ற வேண்டும்?

மன்னை ஊர்க்காரன் · வெள்ளி இரவு

தம்பி, அந்தப் பெரியவர் இடத்தில் ஆறு வருடம் இருந்தவன் நான். எங்கள் ஊர்த் திருப்பணிக் குழுவில் கணக்கு எழுதினேன். அந்தப் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்.

தரையை ஏன் உயர்த்துகிறார்கள்? மழைத் தண்ணீர். டெல்டாவில் ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு வீடெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டது. கோயிலுக்கும் அதே கதி. ஐப்பசி அடைமழையில் அர்த்தமண்டபத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்று குருக்கள் பூசை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வராது. அப்புறம் பணம். உபயதாரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பார்கள். கிரானைட் தெரியும், பெயிண்ட் தெரியும். விமானத்துக்குள் விரிசல் அடைத்ததை யார் பார்க்கப் போகிறார்கள்?

கோயில் அருங்காட்சியகம் இல்லை. விளக்கெரிய வேண்டும், கூட்டம் வர வேண்டும். இதை மறந்துவிட்டு யார் பேசினாலும் ஊரில் எடுபடாது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்களும் உயர்த்தினோம். அடியில் இரண்டு வரிசைக் கல்வெட்டு இருந்தது. கான்கிரீட் கொட்டுகிற அன்று கூடை தூக்க நானும் நின்றேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அது என்ன சொன்னது என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. ராத்திரியில் சில சமயம் அந்த நினைப்பு வரும்.

பழங்கல்லெழுத்து · சனி காலை

இருவருக்கும் வணக்கம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்வெட்டு வாசிக்க நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன்.

தம்பி, பெரியவரிடம் சொல்ல வேண்டிய பதில் நம் சீமைக் கல்லிலேயே இருக்கிறது. கஞ்சனூர் பக்கம் திருக்கோடிக்காவல் போயிருக்கிறீர்களா? அந்தக் கோயிலைச் சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களை வீசி எறியவில்லை. படி எடுத்துப் புதுச் சுவரில் திரும்ப வெட்ட வைத்தார். பல்லவர் காலத்துக் கொடைகள்கூட அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. ‘பழங்கற்படி’ என்று கல்லிலேயே குறித்திருக்கிறார்கள். இது அசல் இல்லை, பழைய கல்லின் நகல் என்று ஒளிக்காமல் சொன்ன நேர்மை அது. எனக்கு அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

இன்னொன்று, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி. முதலாம் ராசராசன் அந்த விமானத்தை இடித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டபோது, இடிப்பதற்கு முன் அங்குள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். வேலை முடிந்து அவன் மகன் ராசேந்திரன் காலத்தில் அவை திரும்பவும் கல்லில் ஏறின. ஆயிரம் வருடத்துக்கு முன் நடந்த காரியம்.

ஆக, புதுப்பிப்பது நம் மரபு. படி எடுத்துவிட்டுப் புதுப்பிப்பதும் நம் மரபு. முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தொலைத்துவிட்டோம். பெரியவரிடம் ‘செய்யாதீர்கள்’ என்று போய் நிற்காதீர்கள். ‘செம்பியன் மாதேவி செய்த மாதிரி செய்வோம்’ என்று போங்கள்.

இனிக் காரியம். ஒன்று, மணல் அடிப்பது. அதை எந்தச் சமரசமும் இல்லாமல் நிறுத்த வேண்டும். அறநிலையத் துறையே தடை செய்த முறை அது. காற்றழுத்தத்தில் மணல் பாயும்போது கறையோடு கல்லின் தோலும் போகும். எழுத்தின் ஆழம் ஒரு நெல் கனம்கூட இருக்காது சில இடங்களில். ஒரே வெயில் பொழுதில் எல்லாம் மழுங்கிவிடும். தேய்ந்த சிற்பத்துக்கு மூக்கு திரும்ப முளைக்காது. எண்ணெய்க் கறையை மெல்ல எடுக்க வழி இருக்கிறது, தெரிந்தவர்களைக் கொண்டு செய்யலாம். அவசரமே இல்லை.

அடுத்தது, படம். பகல் வெளிச்சத்தில் நேராக நின்று எடுத்தால் எழுத்து தெரியாது. இருட்டிய பிறகு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். ஒவ்வொரு படத்திலும் ஒரு அடிக்கோல் இருக்கட்டும். ஒரு படத்தின் கடைசிச் சொல் அடுத்த படத்தின் முதல் சொல்லாக வரட்டும். எழுத்தில் சாக்பீஸ், கோலமாவு, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள்.

தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஊர் ஊராகக் கல்வெட்டுகளைத் தாளில் மை ஒற்றி மைப்படி எடுத்து ஆண்டறிக்கைகளில் பட்டியல் போட்டிருக்கிறது. உங்கள் ஊர் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த ‘திருவிளக்கு’ உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

மன்னை ஊர்க்காரன் · சனி காலை

ஐயா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. எங்களுக்கு இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? சரி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. படி எடுத்தாச்சு. தண்ணீருக்கு என்ன செய்வது?

சாந்துக்கரணை · சனி மாலை

நான் கொத்தனார். எங்கள் அப்பா சுண்ணாம்பு வேலைக்காரர். நானும் இப்போது அதிகம் செய்வது சிமெண்ட் வேலைதான், பிழைப்புக்கு. சுண்ணாம்பு வேலை வருடத்தில் ஒன்றோ இரண்டோ வரும்.

அண்ணே, தண்ணிக்குத் தரையை உயர்த்தாதீங்க. வெளி மட்டத்தைத் தாழ்த்துங்க. பழைய கோயில் கட்டினவங்க தண்ணியை யோசிக்காமல் கட்டவில்லை. மதில் அடியில் கல்தூம்பு இருக்கும், பிரகாரத் தண்ணி அது வழியாகக் குளத்துக்குப் போகும். நான் வேலை பார்த்த இடங்களில் பெரும்பாலும் அது மண்மூடித்தான் கிடந்தது. ஒரு இடத்தில் தூம்பு வாயில் பாத்ரூமே கட்டியிருந்தார்கள். தூம்பைத் திறந்து, மதிலைச் சுற்றிச் சேர்ந்த மண்ணை அள்ளி, குளத்து வாய்க்காலைத் தூர் எடுத்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும். செலவும் கிரானைட்டை விட ரொம்பக் குறைவு.

அடுத்து விமானம். செங்கல் விமானத்துக்கு சிமெண்ட் ஏன் ஆகாது என்று சொல்கிறேன். நம்ம மண் ஈரமான மண். செங்கல் தண்ணியைக் குடிக்கும், வெயில் வந்தால் கக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். சிமெண்ட் வழிவிடாது. உள்ளே ஈரம் தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் முகம் மாவு மாதிரி உதிரும். வெளியில் பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஐந்தாறு வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும், கூடவே பழைய செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு. எனாமல் அதற்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரி. விரிசலில் அரசங்கன்று வேர் விட்டால் அப்புறம் சொல்லவே வேண்டாம்.

சுண்ணாம்புச் சாந்து செய்கிற விதம் இதுதான். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி மேலே தண்ணி நிற்க வாரக்கணக்கில் ஊறப் போடணும். எவ்வளவு நாள் ஊறுதோ அவ்வளவு நல்லது. கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு தனியாக ஊற வைத்தால் சில நாளில் புளித்துக் கள் வாசம் வரும். அந்தத் தண்ணியை விட்டுத்தான் சாந்து அரைக்கணும். அரைத்தது சரியா என்று அப்பா கரணையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். சாந்து விழாமல் கரணையிலேயே ஒட்டி நிற்கணும். விழுந்தால் திரும்ப அரை. விரலில் எடுத்து உருட்டும்போது வெண்ணெய் மாதிரி வழுக்கணும், மணல் நெருடக் கூடாது. இதை எழுதிப் புரிய வைக்க முடியாது. நான் அப்பா கூட மூன்று வருடம் வெறும் அரைக்கிற வேலை மட்டும் பார்த்தேன்.

பழைய சுதையை மொத்தமாகக் கொத்த வேண்டாம். விரலால் தட்டிப் பாருங்க. ‘டொக்கு டொக்கு’ என்று வெற்றுச் சத்தம் வருகிற இடம் மட்டும்தான் விட்டிருக்கு. மற்றதெல்லாம் இன்னும் நூறு வருடம் நிற்கும்.

குடமுருட்டிக்கரை · சனி இரவு

அண்ணே, இதைப் படித்துவிட்டு இப்போதுதான் டார்ச்சோடு போய் வந்தேன். மேற்கு மதில் அடியில் கருவேலம் புதருக்குப் பின்னால் தூம்பு இருக்கிறது! கல்லில் வாய் வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். முக்கால்வாசி மண். இத்தனை வருடம் அந்தப் பக்கமே யாரும் போனதில்லை.

சிங்கையிலிருந்து · சனி இரவு

நானும் கும்பகோணம் பக்கம்தான், இருபது வருடமாக இங்கே. எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கிரானைட் உபயம் செய்திருக்கிறேன். என் பெயரும் அப்பா பெயரும் தரையில் வெட்டியிருக்கிறது. மேலே எழுதியதைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. அடியில் என்ன இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. எங்களிடம் கேட்பதும் ‘சதுர அடி இவ்வளவு, எத்தனை சதுர அடி போடுகிறீர்கள்’ என்றுதான். தூம்புக்கு உபயம் என்று யாராவது கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். பெயர் போட்டுக்கொள்வது தப்பா ஐயா?

பழங்கல்லெழுத்து · ஞாயிறு காலை

தப்பே இல்லை ஐயா. தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் தான் கொடுத்ததையும் தன் அக்கன் கொடுத்ததையும் மட்டுமா வெட்டச் சொன்னான்? மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொன்னான். ஒரு விளக்கு எரிக்க ஆடு கொடுத்த இடையர் பெயர்கூட ஆயிரம் வருடமாக நிற்கிறது. உங்கள் அப்பா பெயரும் நிற்கட்டும். பழைய பெயருக்கு மேல் நிற்காமல் பக்கத்தில் நிற்கட்டும், அவ்வளவுதான். இனித் திருப்பணிக் குழு அனுப்பும் உபயப் பட்டியலில் ‘கல்வெட்டுப் படி’, ‘தூம்பு’, ‘சுண்ணாம்பு’, ‘ஓதுவாருக்கு ஒரு வருடச் சம்பளம்’ என்று வரிகள் சேரட்டும். உங்களைப் போன்றவர்கள் கேட்டால் சேரும்.

மண்டபங்களில் வெள்ளையடித்த சுவர் இருந்தால் அதையும் அவசரப்பட்டுச் சுரண்ட வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். பிறகு தொல்லியல் துறை மேலடுக்கைப் பெயர்த்துத் தனியே பதித்து, இரண்டையும் காப்பாற்றியது. ஒரு அடுக்குக்காக இன்னொன்றைக் கொல்லவில்லை.

காவிரிப்பிள்ளை · ஞாயிறு காலை

நான் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு கஷ்டப்படுவதற்குக் கோயில் முழுவதையும் லேசர் ஸ்கேன் செய்துவிட்டால் என்ன? மில்லிமீட்டர் துல்லியத்தில் 3டி மாடல் கிடைக்கும். கல் போனாலும் அது இருக்கும். எதிர்காலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சாந்துக்கரணை · ஞாயிறு மதியம்

தம்பி, செய்யுங்க. நல்ல காரியம். ஆனால் ஸ்கேன் கரணை பிடிக்காது. விமானத்தில் ஒரு தோரணம் உடைந்தால் அளவு உங்க கம்ப்யூட்டரில் இருக்கும். அதைப் பார்த்துத் திரும்பச் செய்கிற கை இல்லையென்றால் அந்த அளவை வைத்து என்ன செய்வது? எங்கள் ஊரில் சுதை வேலை தெரிந்தவர் நான்கு பேர் இருந்தோம். இப்போது இரண்டு பேர். என் மகன் ஏசி மெக்கானிக்.

பழங்கல்லெழுத்து · ஞாயிறு மதியம்

காவிரிப்பிள்ளை சொல்வதை ஒதுக்க வேண்டாம். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு நடுவே வசம்பும் கருஞ்சீரகமும் கிராம்பும் பட்டையும் மிளகும் பச்சைக் கற்பூரமும் பொடித்துப் பொட்டலம் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. பூச்சி வராது. அவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஓலை சில நூற்றாண்டுகள்தான். சங்கப் பாட்டும் பழங்காப்பியமும் நமக்குக் கிடைத்தது ஓலை சாகாமல் இருந்ததால் இல்லை. ஓலை சாகும் முன் யாரோ ஒருவர் புது ஓலையில் எழுதிக்கொண்டே வந்ததால். கடைசியில் பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே.சா. அதை வாங்கி அச்சில் ஏற்றினார். 1887-ல் சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. எழுதும் கை எங்காவது ஒரு தலைமுறை நின்றிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் 3டி கோப்பும் ஓலைதான் தம்பி. யாராவது பத்து வருடத்துக்கு ஒருமுறை புது இடத்துக்குப் படி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் அனுபவம்: 2009-ல் சுற்றி எடுத்த இருபத்தேழு ஊர்க் கோயில் படங்கள் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அது போயிற்று. அவற்றில் இரண்டு கோயில்களில் இப்போது தரை உயர்ந்துவிட்டது.

வெட்டாறு · ஞாயிறு மாலை

படம் எடுப்பது பற்றிப் பேசுவதால் சொல்கிறேன். தயவுசெய்து உற்சவர் படங்களை வெளியில் போடாதீர்கள். திருடனுக்கு வழி காட்டுவது மாதிரி ஆகும். எங்கள் ஊர்ச் சாமி பாதுகாப்புக்காகத் திருவாரூர் உலோகத் திருமேனி மையத்தில் இருக்கிறது. திருவிழாவுக்கு மட்டும் வந்து போகும். என் அம்மா சாகும்வரை, ‘எங்க சாமி விடுதியில இருக்கு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடமுருட்டிக்கரை · ஞாயிறு மாலை

உங்கள் அம்மா சொன்னது நெஞ்சில் இறங்குகிறது. ஆனால் படமே எடுக்காமல் இருப்பது இன்னும் ஆபத்து என்று நினைக்கிறேன். தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஆனந்தமங்கலத்தில் ராமர், சீதை, லட்சுமணர் திருமேனிகள் 1978-ல் களவு போயின. 2020-ல் லண்டனிலிருந்து திரும்பி வந்தன. எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1958-ல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. இது எங்கள் சாமிதான் என்று காட்ட அதுதான் சாட்சி. அன்றைக்குப் படம் எடுத்தவர், இதனால் சாமி திரும்பி வரும் என்று நினைத்திருக்கவா போகிறார்?

சிவபுரம் நடராசரை நினைத்துப் பாருங்கள். கும்பகோணம் பக்கத்து ஊர். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் அசலை வைத்துக்கொண்டு போலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊர் வருடக்கணக்கில் போலியைக் கும்பிட்டது. அசல் அமெரிக்கா போய் 1986-ல்தான் இந்தியா திரும்பியது. முதுகுப் பக்கம், பீடத்தின் அடிப்பக்கம், பழைய தழும்புகள் இவற்றுக்கெல்லாம் படம் இருக்க வேண்டும்.

வெட்டாறு · ஞாயிறு இரவு

சரி, ஒப்புக்கொள்கிறேன். எடுங்கள், ஆனால் பொதுவில் போட வேண்டாம். கோயிலில் ஒரு படி, துறையில் ஒரு படி, ஊருக்கு வெளியே நம்பிக்கையான இடத்தில் ஒரு படி. மூன்று இடம் போதும்.

தரங்கை அலை · திங்கள் காலை

எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பக்கத்தைக் கடலே கொண்டுபோய்விட்டது. என் தாத்தா அந்த மண்டபத்தில் வலை பின்னியவர். இன்று அது இருந்த இடத்தில் அலை அடிக்கிறது. கல் போட்டுக் கரை கட்டி மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஊரின் பழைய வீடுகள் சிலவற்றைச் சீர் செய்தார்கள்.

பாபநாசத்துக்காரர்களுக்குக் கடல் எதிரி இல்லை. ஆனால் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறும், நிலத்தடி நீர் உப்பாகும், அந்த உப்பு சுவரில் ஏறும். கொத்தனார் சொன்ன உப்புப் பூப்பது இனிமேல் கடற்கரை ஊர்களோடு நிற்காது. படி எடுக்கும்போது சுவரில் எந்த உயரம் வரை உப்பு ஏறியிருக்கிறது என்றும் குறித்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நாயனக்காரர் மகள் · திங்கள் இரவு

இவ்வளவும் படித்தேன். எல்லாம் கல், சுதை, செம்பு. யாரும் சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

அப்பா முப்பத்தைந்து வருடம் கோயிலில் நாகஸ்வரம் வாசித்தார். சாமி புறப்படும்போது மல்லாரி. அந்த வாசிப்பு தொடங்கினால் மடைப்பள்ளியில் இருப்பவரும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். இப்போது அந்தக் கோயிலில் மோட்டார் மேளம். சுவிட்ச் போட்டால் அடிக்கும்.

நாகஸ்வரம் நரசிங்கம்பேட்டையில் செய்வார்கள். 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அது எதனால் ஆகிறது என்று பாருங்கள். ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் ஆகாது, வெடிக்கும். பல வருடம் காய்ந்த மரம் வேண்டும். அதனால் இடிக்கிற பழைய வீடுகளின் தூண், விட்டம், உத்திரத்தைத்தான் தேடி வாங்குவார்கள். எங்கள் அப்பாவின் நாயனம் ஒரு தாழ்வாரத் தூண். முற்றமும் திண்ணையும் நாட்டு ஓடும் உள்ள வீடுகள் தீர்ந்துபோனால் அந்த மரமும் தீர்ந்துவிடும். அடுத்து நாயனத்தின் ஊதுவாயில் செருகும் சீவாளி. ஆற்றங்கரை நாணலை வெட்டிக் காய வைத்து, வேக வைத்து, மாதக்கணக்கில் பக்குவம் பார்த்துச் செய்வது. கரையில் மணல் போய், சிமெண்ட் கரை வந்து, நாணல் எங்கே இருக்கிறது? சுவாமிமலையில் சிலை வார்க்க மெழுகுக் கருவின் மேல் பூசுவதும் காவிரி வண்டல்தானே? நகக்கண் அளவு நகையும் அச்சில் விழுவது அந்த மண் பொடியாக இருப்பதால்தான். ஆறு இல்லாமல் இந்தச் சீமையில் எதுவும் இல்லை.

குடமுருட்டிக்கரை அண்ணா, உங்கள் மடைப்பள்ளியை இடிக்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உத்திரம் என்ன மரம்? இடித்தே தீரவேண்டும் என்றால் அந்த மரத்தை விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், உங்கள் ஊரில் கடைசியாக நாயனம் வாசித்தவர் இருக்கிறாரா? இருந்தால் கல்வெட்டுக்கு முன்னால் அவரைப் பதிவு செய்யுங்கள். கல் நாளைக்கும் இருக்கும்.

மன்னை ஊர்க்காரன் · திங்கள் இரவு

அம்மா, இதை நாங்கள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில் பாதுகாப்புக்காக 75 கட்டளைகள் போட்டது. அதற்கு முன் நீதிமன்றம் சொல்லி யுனெஸ்கோ குழுவும் வந்து கோயில்களைப் பார்த்து 2017-ல் அறிக்கை கொடுத்தது. நல்லதுதான். பழைய கோயில் என்றால் வல்லுநர் குழு ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது, அதையும் பெரியவரிடம் சொல்லுங்கள். ஆனால் மல்லாரிக்கும் நாணலுக்கும் கட்டளை போட முடியாது. அது ஊர்தான் செய்ய வேண்டும்.

குடமுருட்டிக்கரை · வியாழன் இரவு

நேற்று சாயந்திரம் கோயில் மண்டபத்தில் கூட்டம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

திருக்கோடிக்காவல் கதையோடு தொடங்கினேன். பெரியவர் முழுசாகக் கேட்டார். ‘அந்த அம்மா படி எடுத்துட்டுத்தான் இடிச்சாங்களா?’ என்று இரண்டு தடவை கேட்டார். மணல் அடிப்பது கிடையாது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. தரையை உயர்த்துவதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். முதலில் தூம்பைத் திறந்து இந்த மழைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது, போனால் உயர்த்த வேண்டாம். இளைஞர்கள் பத்துப் பேர் இன்று காலையே மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். மதியத்துக்குள் தூம்பின் வாய் தெரிந்தது. குடம் தண்ணீர் ஊற்றினோம், வெளியே குளத்துப் பக்கம் கலங்கலாக வந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் இன்னொரு குடம் கொண்டுவரச் சொன்னார்.

பெயிண்ட் விஷயத்தில் தோற்றுவிட்டேன். ‘வர்ணம் இல்லாம கும்பாபிஷேகமா?’ என்று பெண்கள் பக்கமிருந்தே கேட்டார்கள். எனாமல் வேண்டாம், சுண்ணாம்போடு சேர்கிற வர்ணம் போதும் என்று பேசிப் பார்த்தேன், முடிவாகவில்லை. சிமெண்டும் அப்படியே நிற்கிறது. பார்த்து ஒப்பிட ஒரு மாதிரி வேண்டும் என்கிறார்கள். சாந்துக்கரணை அண்ணே, விமானத்தின் வடக்குப் பக்கம் ஒரு நான்கு அடி மட்டும் சுண்ணாம்பில் செய்து காட்ட முடியுமா? கூலி நான் தருகிறேன்.

மடைப்பள்ளி இடிபடும் போலிருக்கிறது. உத்திரம் என்ன மரம் என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நரசிங்கம்பேட்டையிலிருந்து யாரையாவது வந்து பார்க்கச் சொல்ல முடியுமா அம்மா? கடைசி நாயனக்காரர் இருக்கிறார், எண்பத்திரண்டு வயது, மகளோடு வலங்கைமானில். பல் இல்லை, வாசிக்க முடியாது. ஆனால் போனில் பேசினேன். மல்லாரியை வாயால் பாடிக் காட்டுகிறேன் என்றார்.

நாயனக்காரர் மகள் · வியாழன் இரவு

நான் வருகிறேன். அப்பாவின் தவில்காரர் மகனையும் கூட்டி வருகிறேன். தாளம் இருந்தால் பெரியவருக்குப் பாட வரும். மர ஆளையும் கேட்டுச் சொல்கிறேன்.

சாந்துக்கரணை · வெள்ளி காலை

கூலி பேச்சு அப்புறம். நீற்றிய சுண்ணாம்பு என்னிடம் ஒரு டிரம் இருக்கு, ஆறு மாசமாக ஊறுது. கடுக்காயும் வெல்லமும் இன்றைக்கே ஊறப் போடுங்க, பானையில், நிழலில். மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் சொல்லுங்க, வருகிறேன். சாந்து அரைக்க ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு மட்டும் இல்லை, வேலை முடிகிற வரைக்கும்.

காவிரிப்பிள்ளை · வெள்ளி காலை

அண்ணே, அரைக்க நான் வரலாமா? கல்லூரி லீவுதான்.

பழங்கல்லெழுத்து · வெள்ளி காலை

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு அங்கே இருப்பேன். டார்ச் இரண்டு, அடிக்கோல், உட்கார ஒரு பலகை. அந்தத் ‘திருவிளக்கு’ வரியிலிருந்து தொடங்குவோம்.